ராமேஸ்வரமா, கொடைக்கானலா?

ஆங்கில உச்சரிப்புக்கு இதைவிட அருமையான ஆட்டம் இருக்க முடியாது என்று அடித்துச் சொல்வேன். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகம் 1995-இல் வெளியிட்ட, மார்க் ஹான்காக் எழுதிய ‘ப்ரோனன்சியேஷன் கேம்ஸ்’ புத்தகத்தில் இருக்கும் வரைபட ஆட்டத்தைத்தான் சொல்கிறேன். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக அதில் நம் ஊர்களைப் போட்டு, கரும்பலகையில் வரைந்துவிடுவேன்.

கீழே புறப்படும் இடம். அங்கிருந்து பாதை இரண்டாகப் பிரியும்; ஒவ்வொரு கிளையும் மறுபடி இரண்டாக. நான்கு திருப்பம் தாண்டினால் மேலே 16 ஊர்கள். ‘பைல்’ என்று கேட்டால் இடப்பக்கம், ‘ஃபைல்’ என்று கேட்டால் வலப்பக்கம். ஒரு பிள்ளை ஏதாவது ஊரை மனதில் வைத்துக்கொண்டு நான்கு சொற்களைச் சொல்லும். மற்றவர்கள் அதைக் கேட்டுக்கொண்டே போய் ஊரைக் கண்டுபிடிக்க வேண்டும்.

அப்புறம் பாருங்கள் ரகளையை! பாதி வகுப்பு ராமேஸ்வரத்தில் நிற்கும், பாதி கொடைக்கானலில். “மூணாவது என்னடி சொன்னே? திரும்பச் சொல்லு!” என்று கத்துவார்கள். அவள் மேல்பல்லைக் கீழுதட்டில் பதித்து, காற்றை நீளமாக விட்டு, ‘ஃபைல்’ என்பாள். “அப்போ வலப்பக்கம்டி!” நான் வாயே திறக்கவில்லை. எந்தத் திருப்பத்தில் தவறியது, சொன்னவள் நாக்கா கேட்டவன் காதா என்று அவர்களே துருவி எடுத்துவிடுகிறார்கள். எத்தனை முறை திருத்தினாலும் வராத நிதானம் அந்த ஒரு சண்டையில் வந்துவிடுகிறது.

குண்டூசிக்கும் குப்பைக்கூடைக்கும் உள்ள ஆங்கிலச் சொற்களைத் தமிழில் எழுதினால் இரண்டும் ‘பின்’தான். அதனால் எழுதாமல் படமாகப் போடுவேன். “பாம்புன்னு சொல்லுங்க, தொண்டையில விரலை வச்சுக்கிட்டு” என்பேன். முதல் ப-வுக்கு உதடு மூடியிருக்கையில் அதிர்வில்லை; இரண்டாவதுக்கு உதடு திறப்பதற்கு முன்பே விரலில் அதிர்வு தெரியும். இரண்டு ஒலியும் நம் வாயிலேயே இருக்கின்றன என்று தெரிந்ததும் வரும் குதூகலம் இருக்கிறதே! பிறகு வாய்க்கு முன்னால் ஒரு காகிதத் துண்டு. குண்டூசியை ஆங்கிலேயர் போலச் சொன்னால் அது துள்ளும், குப்பைக்கூடைக்கு அசையாது. காகிதத்தைத் துள்ளவைக்கப் பிள்ளைகள் மதிய மணி அடித்த பிறகும் ஊதிக்கொண்டிருப்பார்கள்.

பெரியவர்களுக்கு இன்னொன்று இருக்கிறது: ஐந்து ஜோடிச் சொற்களுக்கு 0 முதல் 9 வரை எண் கொடுத்து, கற்பனையான போன் நம்பரைச் சொற்களாலேயே சொல்வது. அதுவும் பிரமாதம்தான். ஆனால் என் மனம் வரைபடத்திலேயே கிடக்கிறது.

ஆசிரியர்களே, ஒரு சாக்பீஸ் போதும், நாளைக்கே ஆடிப் பாருங்கள். முதல் நாள் மட்டும் ப-வைத் தொடாதீர்கள். ‘ஷிப்’, ‘ஷீப்’ என்று தொடங்குங்கள். குறில் நெடில் நம் பிள்ளைகளுக்கு அத்துப்படி. முதல் ஆட்டத்திலேயே எல்லோரும் ஊர் போய்ச் சேர்ந்துவிடுவார்கள்.