ஐரிசின்: கோளாறு கிட்டிலா, புரதத்திலா?

ஐரிசின் ஒரு கட்டுக்கதை என்று தலைப்பிலேயே அடித்துச் சொல்லும் கட்டுரை ஒன்று 2015-ல் சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ் இதழில் வந்தது. எழுதியவர்கள் ஆல்பிரெக்ட் குழுவினர். அதில் முன்பாதி ரொம்ப வலுவானது, பின்பாதி அப்படியில்லை என்பது என் வாசிப்பு.

பின்னணி இதுதான். உடற்பயிற்சியின்போது தசையிலிருந்து ஐரிசின் ரத்தத்தில் கலந்து, வெள்ளைக் கொழுப்பைச் சக்தி எரிக்கும் கொழுப்பாக மாற்றுகிறது என்று ஸ்பீகல்மேன் ஆய்வகம் 2012-ல் நேச்சரில் எழுதியது. அப்புறம் எலைசா கிட்டுகளை வைத்துப் பலரும் அளந்தார்கள். எண்களோ ஆய்வுக்கு ஆய்வு பல மடங்கு வித்தியாசப்பட்டன.

எலைசாவில் நாம் படிப்பது நிறத்தைத்தான். ஆன்டிபாடி எதைப் பிடித்தாலும் நிறம் வரும். கிட்டோடு வரும் ஸ்டாண்டர்டு சுத்தமான புரதம். அதை வைத்துப் போட்ட வளைகோடு அழகாகத்தான் இருக்கும். நம்ம தொழில் பாஷையில், நாமே எழுதிய டம்மி டேட்டாவில் டெஸ்ட் பாஸ் ஆகிற மாதிரி. ரத்தத்திலோ எத்தனையோ புரதங்கள் கலந்து கிடக்கின்றன.

ஆல்பிரெக்ட் குழு, விற்பனையில் இருந்த நான்கு ஆன்டிபாடிகளை வெஸ்டர்ன் பிளாட்டில் ஓட்டிப் பார்த்தது. அதில் புரதங்கள் எடைவாரியாகப் பிரிந்துவிடும். சம்பந்தமில்லாத புரதங்கள் பளிச்சென்று தெரிந்தன. ஐரிசின் இருக்கவேண்டிய எடையில் ஒன்றுமில்லை. அந்தக் கிட்டுகளின் எண்களை இனி எப்படி நம்புவது? இதுவரை முழுச் சம்மதம்.

அங்கிருந்து ஐரிசினுக்கு உடலில் வேலையே இல்லை என்கிற பக்கம் தாவுவதுதான் இடிக்கிறது. படி சரியில்லை என்றால் அளந்த கணக்கு தப்பு. மூட்டையில் நெல்லே இல்லை என்று ஆகிவிடாது. அவர்களே மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரியில் மனித சீரத்தைப் பார்த்தபோது, 20 கிலோடால்டன் அருகே ஐரிசினின் தாய்ப்புரதத்துடைய தடயம் கிடைத்தது. அந்த ஆன்டிபாடிகள் அதைக் காட்டவில்லை. கண் தெரியாத சாட்சி "ஆளே இல்லை" என்று சொன்னால் எடுத்துக்கொள்ள முடியுமா?

அதே ஆண்டு ஸ்பீகல்மேன் தரப்பு செல் மெட்டபாலிசம் இதழில் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி அளவைக் கொடுத்தது: மில்லிலிட்டருக்கு 3.6 நானோகிராம், பயிற்சி செய்தவர்களுக்கு 4.3. கண்டுபிடித்தவர்களே அளந்தது, ஆட்களும் குறைவு, வித்தியாசமும் சின்னது. ஹார்மோன் வழக்கு இதனால் முடிந்துவிடவில்லை. ஆனால் "கட்டுக்கதை" என்ற சொல் நிற்காது.

கிட் வாங்கப்போகிற ஆராய்ச்சி மாணவர்களுக்கு ஒன்று. நோயாளி கொடுத்த ரத்தம் செலவானால் திரும்ப வராது. தட்டில் ஊற்றுமுன், அந்த ஆன்டிபாடி உங்கள் மாதிரியில் எதைப் பிடிக்கிறது என்று ஒரு பிளாட் ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.