குரல் எங்கே நிற்கிறது?

என்னுடைய முதல் பாட்டுக்கு எட்டு மிக்ஸ் இருக்கின்றன. ஒரு கிடார், ஒரு குரல், மூன்றே முக்கால் நிமிடம், அவ்வளவுதான். இதற்கு எதற்கு எட்டு என்றால், ஏழு பேரிடம் கருத்துக் கேட்டேன். ஒவ்வொருவர் சொன்னதற்கும் ஒருமுறை மாற்றினேன். ஆறு பேர் சொன்னதையும் செய்து முடித்தபோது பாட்டு முதலில் இருந்ததைவிடச் சுத்தமாக இருந்தது. ஆனால் அதைத் திரும்பப் போட்டுக் கேட்க எனக்கே தோன்றவில்லை.

பதிவு செய்தது ஊத்துக்கோட்டையில், எங்கள் வீட்டுப் பின்னறையில். திருவள்ளூர் மாவட்டத்தின் வடக்கு ஓரத்தில் இருக்கிற ஊர். பள்ளிகொண்ட சிவன் இருக்கிற சுருட்டப்பள்ளி பக்கத்தில்தான், ஆனால் அது ஆந்திரா. ஊரை ஒட்டி ஆரணி ஆறு போகிறது. வருஷத்தில் பெரும்பாலான நாள் மணல்தான். பிச்சாட்டூர் அணையைத் திறந்துவிட்டால் மட்டும் ஆறு ஆறாகிவிடும். முன்பெல்லாம் தரைப்பாலம் மூழ்கும், போக்குவரத்து நின்றுபோகும்.

பாட்டு அதைப் பற்றியது. நான் சின்னப் பையனாக இருந்தபோது ஒரு மழை ராத்திரி. வேலை முடிந்து வந்த அப்பா அக்கரையில் நிற்கிறார். இக்கரையில் அம்மாவும் நானும். அவர் கையை ஆட்டி ஏதோ கத்துகிறார். தண்ணீர்ச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. அன்று எங்கோ படுத்துவிட்டு மறுநாள் சுற்றிக்கொண்டு வந்தார். என்ன கத்தினீங்க என்று இப்போது கேட்டால், ‘யாருக்குடா ஞாபகம் இருக்கு’ என்கிறார்.

பின்னறை சிமென்ட் பெட்டி மாதிரி. கைதட்டினால் கணீரென்று திரும்பி வரும். சுவரில் போர்வை தொங்கவிட்டேன், மூலையில் அரிசி மூட்டை, பின்னால் மெத்தை. ஃபேனை நிறுத்திவிட்டு, லாரிகள் கொஞ்சம் குறைகிற நடுராத்திரியில் ஒரே மைக்கில் முதலில் கிடாரையும் பிறகு குரலையும் பதிவு செய்தேன். பிறகு நண்பர்களுக்கு அனுப்பி, ‘மிக்ஸ் எப்படி இருக்கு?’ என்று கேட்டேன்.

கிடார் வாசிக்கிற நண்பன், ‘கீழே குமுகுமுன்னு இருக்கு’ என்றான். ஆபீஸில் பக்கத்து சீட்காரர், ‘குரல் கேட்கல, தூக்குங்க’ என்றார். மூன்றாமவர், ‘மொட்டையா இருக்கு, ரிவெர்ப் போடு’. நான்காமவருக்கு ‘ச’ வருகிற இடமெல்லாம் காதில் குத்தியது. ஐந்தாமவர், ‘சினிமா பாட்டுக்கு அப்புறம் இதைப் போட்டா சத்தம் பத்தல’ என்றார். ஆறாமவர், ‘செம்ம ப்ரோ’. அதற்கும் எதையோ மாற்றினேன்.

இதில் யாரும் தப்பாகச் சொல்லவில்லை. மைக்கை நான் கிடாரின் ஓட்டைக்கு நேராக வைத்திருந்தேன். காற்று பெரும்பாலும் அங்கேதான் வெளியே தள்ளப்படுகிறது. 100, 200 ஹெர்ட்ஸ் பக்கம் ஒலி குவிந்து குமுகுமுவென்றுதான் வரும். கழுத்தும் உடம்பும் சேருகிற இடத்தைப் பார்த்து ஒரு முழத்துக்குள் வைத்திருந்தால் பாதிப் பிரச்சினை பதிவிலேயே தீர்ந்திருக்கும்.

குரல் கேட்கவில்லை என்பதும் சரிதான். ஆனால் அங்கே குரலின் சத்தம் குறைவாக இல்லை. தமிழ் மெய்களை வல்லினம், மெல்லினம், இடையினம் என்று பள்ளியில் பிரித்துப் படித்தோமே, மிக்ஸ் செய்யும்போது அது வேறு மாதிரி புரிகிறது. ட, ற, க போன்றவை ஒரு நொடியின் சிறு துளியில் வெடித்து முடிகிற ஒலிகள். அந்த வெடிப்பின் கூர்மை பெரும்பாலும் 2,000 ஹெர்ட்ஸுக்கு மேலேதான் இருக்கிறது. கிடார் கம்பிகளை மேலிருந்து கீழாக அடிக்கும்போது வருகிற ‘ஜிங்’கும் அதே வீட்டில்தான் குடியிருக்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் விழுந்தால் உயிர் மட்டும் கேட்கும், மெய் போய்விடும். மொத்தக் குரலையும் தூக்குவதைவிட, அந்தப் பகுதியில் கிடாரைக் கொஞ்சம் இறக்கினால் வார்த்தை தானாக வெளியே வரும்.

சத்தம் பத்தவில்லை என்றதற்கும் காரணம் உண்டு. காது எல்லா அதிர்வெண்ணையும் ஒரே மாதிரி கேட்பதில்லை. ஒலி அளவு குறையும்போது கீழ் ஒலிகள் முதலில் மறைகின்றன. பெல் ஆய்வகத்தின் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933லேயே இதை அளந்து வரைந்து வைத்துவிட்டார்கள். ஒரே பாட்டைக் கொஞ்சம் சத்தமாகப் போட்டால் அது ‘நல்ல மிக்ஸ்’ ஆகத் தெரியும். இரண்டு மிக்ஸை ஒப்பிடுவதற்கு முன்னால் இரண்டின் சத்தத்தையும் சமமாக்காவிட்டால் நாம் ஒப்பிடுவது வால்யூமைத்தான்.

ஆக ஒவ்வொன்றும் நியாயமான கருத்து, எல்லாமே சரிசெய்யப்பட்டது. அப்புறம் ஏன் பாட்டு செத்துக்கிடந்தது?

ஏழாவது மிக்ஸை அம்மாவிடம் போட்டுக் காட்டினேன். கருத்துக் கேட்கவில்லை, ஆறுதலுக்குத்தான். அவரைக்காய் நறுக்கிக்கொண்டே போன் ஸ்பீக்கரில் முழுக்கக் கேட்டார்.

‘நல்லாதான் இருக்குது. நீ ஏன்டா உள்ளே போய் நின்னுக்கினு பாடுறே?’

‘அது ரிவெர்ப்மா.’

‘என்னமோ. நாங்கள்லாம் வெளியே உட்கார்ந்துக்கினு இருக்கோம். நீ கதவைச் சாத்திக்கினு பாடுறே.’

மற்றவர்கள் மருந்து சொன்னார்கள், அம்மா அறிகுறியைச் சொன்னார். ‘ரிவெர்ப் போடு’ என்பது மருந்து. ‘கதவைச் சாத்திக்கினு பாடுறே’ என்பது கேட்டவருக்கு நேர்ந்தது. மென்பொருள் வேலையில் இந்த வித்தியாசம் தினமும் தெரியும். ‘இந்த ஃபங்ஷனை மாத்தி எழுது’ என்று வருகிற ரிவ்யூவைவிட, ‘இந்த இடத்துல எனக்குப் புரியல, மூணு தடவை படிச்சேன்’ என்று வருவது பல நேரம் அதிகம் உதவும். முதல் வகை அவர் எழுதியிருந்தால் எப்படி எழுதியிருப்பார் என்பதைச் சொல்கிறது. நான் எழுதியது அவரிடம் என்ன செய்தது என்பது இரண்டாவதில்தான் தெரிகிறது.

அம்மா சொன்ன பிறகு திரும்பக் கேட்டேன். நான் ஒளிந்துகொண்டிருந்தது உண்மை. மூன்றாமவர் ரிவெர்ப் போடச் சொன்னபோது ஏன் அவ்வளவு சந்தோஷமாகக் கொட்டினேன் என்று அப்போதுதான் புரிந்தது. என் குரல் எனக்குக் கூச்சம். பதிவில் முதன்முதலாகத் தன் குரலைக் கேட்கிற எல்லோருக்கும் இருக்கிற கூச்சம்தான். பேசும்போது நம் குரல் நமக்குக் காற்று வழியாகவும் மண்டையோட்டு எலும்பு வழியாகவும் வருகிறது. பதிவில் காற்று வழி மட்டும்தான், அதனால் மெலிந்து யாரோ போல் இருக்கிறது. எதிரொலி அந்த ‘யாரோ’வை மூடிவிடுகிறது. ‘அப்பா’ என்ற வார்த்தை வருகிற வரியில்தான் ரிவெர்ப் மிக அதிகமாக இருந்தது. அதை நான் திட்டமிட்டுச் செய்யவில்லை.

‘குரலை முன்னாடி வை’ என்பதை நாம் எளிதாகப் பாமர ரசனை என்று தள்ளிவிடுகிறோம். அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. அம்மாவின் காது வளர்ந்தது ரேடியோவிலும், திரையரங்கிலும், கல்யாண வீட்டுக் குழாய் ஸ்பீக்கரிலும். குழாய் ஸ்பீக்கரில் கீழ் ஒலியும் வராது, உச்ச ஒலியும் வராது. நடுவில் இருக்கிற குரல் மட்டும்தான் ஊர் முழுக்கப் போகும். அந்தக் காலப் பாட்டுகளில் வார்த்தை எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். பாடகரும் வாத்தியக் குழுவும் ஒரே நேரத்தில் பாடி வாசித்துப் பதிவான நாட்களில், யார் மைக்குக்கு எவ்வளவு பக்கத்தில் நிற்பது என்பதை ஒத்திகையிலேயே முடிவு செய்தாக வேண்டும். கருத்துச் சொல்வது பதிவுக்கு முன்னால் நடந்தது. நமக்கோ எல்லாம் பதிவுக்குப் பின்னால், எத்தனை முறை வேண்டுமானாலும்.

அந்தப் பழக்கத்தை மாற்றியதும் ஒரு வீட்டு ஸ்டூடியோதான். ஏ.ஆர்.ரஹ்மான் கோடம்பாக்கத்தில் வீட்டுப் பின்புறம் அமைத்த பஞ்சதன். 1992இல் ‘ரோஜா’ வந்தது. ரஹ்மானின் தொடக்க காலம் முதல் அவரோடு பணியாற்றி 2008இல் மறைந்த ஒலிப்பொறியாளர் எச்.ஸ்ரீதரையும் சேர்த்துத்தான் அந்தச் சத்தத்தைப் பேச வேண்டும். அவற்றில் குரல் மேடையின் முன்வரிசையை விட்டு இறங்கி, வாத்தியங்களுக்கு நடுவில் ஓர் இடம் தேடி நிற்கிறது. வார்த்தை புரியவில்லை என்ற புகாரும் கூடவே வந்தது. அந்தப் புகாரைச் சொன்னவர்கள் காது கேளாதவர்கள் இல்லை. அவர்கள் பழகிய இடத்தில் குரல் இல்லை. புதிய இடத்தில் அது ஏன் நிற்கிறது என்பதைப் பாட்டுதான் அவர்களுக்குக் காட்ட வேண்டியிருந்தது. பல பாட்டுகள் காட்டின. என் ஏழாவது மிக்ஸ் காட்டவில்லை.

அப்படியென்றால் எதிரொலியே கூடாதா? இங்கேதான் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் ‘நெப்ராஸ்கா’வைச் சொல்ல வேண்டும். 1982 ஜனவரி, நியூ ஜெர்சியில் ஒரு வாடகை வீடு. படுக்கையறையில் டியாக் 144 என்ற நான்கு டிராக் கேசட் கருவி, இரண்டு ஷூர் எஸ்எம் 57 மைக். கிடார், ஹார்மோனிகா, குரல். பதிவானதை எக்கோபிளெக்ஸ் என்ற எதிரொலிக் கருவி வழியாக ஒரு சாதாரண பானசோனிக் கேசட் பெட்டியில் இறக்கினார். ஒவ்வொரு பாட்டைப் பற்றியும் குறிப்பு எழுதி மேலாளர் ஜான் லாண்டாவுக்கு அனுப்பினார். அவரும் ‘எப்படி இருக்கு?’ என்றுதான் கேட்டிருக்கிறார். பிறகு முழு இசைக்குழுவோடு நியூயார்க் ஸ்டூடியோவில் அதே பாட்டுகளைப் பதிவு செய்து பார்த்தார்கள். கேசட்டில் இருந்தது அங்கே வரவில்லை. உறைகூட இல்லாமல் கால்சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்த அந்தக் கேசட்டே செப்டம்பரில் ஆல்பமாக வந்தது.

இந்தக் கதையை இணையத்தில் பலரும் ‘மிக்ஸிங் முக்கியமில்லை, உண்மை போதும்’ என்று சொல்லப் பயன்படுத்துகிறார்கள். நான் அப்படிக் கேட்கவில்லை. அந்த ஆல்பத்தில் எதிரொலி நிறைய இருக்கிறது. என் ஏழாவது மிக்ஸைவிடக்கூட இருக்கலாம். ஆனால் அங்கே குரல் ஒளியவில்லை. ராத்திரி ஆளில்லாத நெடுஞ்சாலையில் ஒருவன் தனியாக நிற்கிறான், அவன் குரல் அவ்வளவு தூரத்திலிருந்துதான் வரும். எதிரொலி அவன் நிற்கிற இடம். என்னுடையதில் அது நான் போர்த்திக்கொண்ட போர்வை. கருவி ஒன்றுதான், ஒன்றில் தேர்வு இருக்கிறது, மற்றதில் கூச்சம். இதை எந்த மீட்டரும் காட்டாது. கேட்கிற மனிதர் சொன்னால்தான் உண்டு.

எட்டாவது மிக்ஸில் எல்லா ரிவெர்ப்பையும் எடுத்தேன். இக்கரையில் நிற்கிற பையன் பாடுகிற வரிகள் காய்ந்துபோய், மூச்சுச் சத்தத்தோடு, காதுக்குப் பக்கத்தில். அப்பா கத்துகிற ஒரே ஒரு வரிக்கு மட்டும் எதிரொலியைத் திரும்பப் போட்டேன். அதன் உச்ச ஒலியைக் குறைத்தேன், தூரத்துக் குரலில் அது கரைந்துவிடும். கிடாரை அங்கே வேண்டுமென்றே அடித்து வாசித்துத் திரும்பப் பதிவு செய்தேன். முன்பு பிழையாக இருந்த அதே ‘ஜிங்’ இப்போது மெய்யெழுத்துகளை விழுங்குகிறது. அந்த வரியில் வார்த்தை புரியாது. புரியவும் கூடாது, அன்றைக்கும் புரியவில்லை.

பக்கத்து சீட்காரர் கேட்டுவிட்டு, ‘இரண்டாவது நிமிஷத்துல ஒரு லைன் கேட்கல’ என்றார். இந்த முறை நான் மாற்றவில்லை. அவர் கருத்து பிழை என்பதால் அல்ல. நான் கேட்க வைக்க நினைத்தது அவருக்கு அப்படியே கேட்டிருக்கிறது.

கருத்துக் கேட்கப் போகிறவர்களுக்கு என்னிடம் இருப்பது சின்ன யோசனைதான். ‘மிக்ஸ் எப்படி இருக்கு?’ என்று கேட்டால் எதிரில் இருப்பவர் நிபுணராக முயற்சி செய்வார், மருந்துச்சீட்டு எழுதுவார். ‘எதுல கேட்டீங்க, எந்த இடத்துல கவனம் போச்சு, நான் உங்களுக்கு எவ்வளவு பக்கத்துல இருந்த மாதிரி இருந்துச்சு?’ என்று கேளுங்கள். மருந்தை நாம் பார்த்துக்கொள்ளலாம். முதல் கதையை நண்பருக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறவர்களுக்கும் இதே கேள்விகள் உதவும் என்று நினைக்கிறேன்.

போன வாரம் ஒரு தம்பி தன் முதல் பாட்டை எனக்கு அனுப்பியிருந்தான். கம்ப்ரெஸர், ஈக்யூ என்று எழுதக் கை பரபரத்தது. அழித்துவிட்டு, ‘பஸ்ல, ஹெட்செட்ல கேட்டேன். ஒண்ணு பத்துல நீ திரும்பி நின்னு பாடுற மாதிரி இருந்துச்சு. வேணும்னு செஞ்சியா?’ என்று அனுப்பினேன். இன்னும் பதில் வரவில்லை.

அப்பாவும் எட்டாவது மிக்ஸைக் கேட்டார். அந்த வரி வந்தபோது தலையைச் சாய்த்து, போனைக் காதோடு ஒட்டிக்கொண்டார். முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிட்டு, ‘கிடார் நல்லாருக்கு’ என்றார்.