ஏமாற்றப்பட்டவளின் கவி

கிழக்கிலங்கை நாட்டார் கவி என்றதும் மச்சானும் மச்சியும் மாறிமாறிப் பாடும் காதலே பலருக்கு நினைவில் வரும். மேடைக்கும் மலருக்கும் அதுவே வசதி. ஆனால் மருதமுனை முதல் அக்கரைப்பற்று வரை நீளும் முஸ்லிம் ஊர்களில் இதே கவிக்கு இன்னொரு குரல் உண்டு. அது ஏமாற்றப்பட்டவள் வழக்குரைக்கும் குரல். இந்த மரபின் முழு வலிமையும் அங்கேதான் வெளிப்படுகிறது என்பது என் துணிபு.

இக்கரையில் குடி தாய்வழியே வரும். கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வருவான். வீடும் வளவும் பெரும்பாலும் அவளது சீதனம். மனம் மாறினால் படலையைத் திறந்து வெளியேறுபவன் அவனே. அவள் அதே முற்றத்தில், அதே கிணற்றடியில், உம்மாவின் கண்முன்னே, ஊராரின் கேள்விகளுக்கு நடுவே நிற்பாள். 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் பலதார மணத்துக்கு இடம் வைத்திருக்கிறது. தலாக்கையும் தாபரிப்பையும் முஸ்லிம் விவாக நீதிபதியான காதியார் விசாரிப்பார். ஆனால் நெஞ்சின் நோவை எந்தக் காதியாரிடம் முறையிடுவது? அந்த முறைப்பாட்டைக் கவி ஏற்றுக்கொண்டது.

துயரக் கவியில் மூன்று போக்குகளை நான் காண்கிறேன். முதலாவது ஏக்கம்: வேளாண்மைக்காக வட்டைக்கு, அதாவது வயல்வெளிக்குப் போனவன் சொன்ன நாளில் திரும்பவில்லை, கச்சான் காற்றிடமும் கிளியிடமும் அவள் சேதி கேட்கிறாள். இரண்டாவது எதிர்க்கவி: அவன் சொன்ன சாட்டையே எடுத்து, அவன் சொல்லாலேயே அவனை மடக்குகிறாள். மூன்றாவது பதுவா, அதாவது சாபம். கையில் ஆயுதமில்லாதவள் தன் பழியை நாயனிடம் ஒப்படைத்து, மறுமையின் மஹ்ஷர் வெளியில் பதில் சொல்லச் சொல்லி அவனை அழைக்கிறாள். கிழக்கின் பெண்கவியில் பழிவாங்கல் என்பது பெரும்பாலும் இந்த ஒப்படைப்புத்தான்.

நல்ல கவிக்கு அளவுகோல்களும் உண்டு. நான்கடி போதும், பக்கவாத்தியம் வேண்டாம், இழுத்துப் பாடும் ஓசையே தாளம். முன்னிரண்டு அடியில் வரும் வயலோ கடலோ பின்னிரண்டு அடியின் நோவைத் தாங்க வேண்டும். அப்படித் தாங்காத காட்சி வெறும் ஒப்பனை. குற்றவாளியின் பெயர் வரக்கூடாது. ஆனால் கேட்பவர் எல்லோருக்கும் ஆள் விளங்க வேண்டும். கோபம் எவ்வளவு ஏறினாலும் சொல் இழியக்கூடாது. நாலாம் அடி முடிந்ததும் எதிராளிக்கு வாய் எழக்கூடாது.

இதே அறம் கடல் கடந்தும் தெரிகிறது. 1952இல் அமெரிக்க நாட்டுப்புற இசையில் கிட்டி வெல்ஸ் பாடிப் புகழடைந்த பாடல், பெண்ணின் மேல் பழி சுமத்திய ஹாங்க் தாம்சனின் பாட்டுக்கு மறுமொழியாக எழுந்தது. அவ்விசையின் விற்பனைப் பட்டியலில் தனித்துப் பாடி முதலிடம் பெற்ற முதல் பெண் அவர். வானொலிகள் சில தயங்கின. கேட்ட பெண்கள் தயங்கவில்லை. நம் எதிர்க்கவியும் அந்த வேலையைத்தான் செய்தது, ஒலித்தட்டு இல்லாமல்.

நம் கவிக்கு ஏடுகள் உண்டு: நிந்தவூர் எஸ். முத்துமீரான் கிழக்கிலங்கை முஸ்லிம்களின் பாடல்களைத் தேடித் தொகுத்தார். சாய்ந்தமருதுக் கவிஞர் அனார் 2013இல் ‘பொடுபொடுத்த மழைத்தூத்தல்’ என்ற தொகுப்பைத் தந்தார். இவ்வூர்ப் பெண்ணொருத்தியின் கையால் அது தொகுக்கப்பட்டது பெரும் பேறு.

இனிச் செய்யவேண்டியது ஒன்றுண்டு. 2004 ஆழிப்பேரலை இக்கரையின் வீடுகளோடு மூத்த தலைமுறையில் பலரையும் கொண்டுபோனது. எஞ்சிய மூத்தம்மாக்களின் கவிகளை எழுத்தில் மட்டும் எடுத்தால் பாதிதான் கிடைக்கும். குரலோடு, ‘இது யாருக்காக, எந்தச் சண்டையில் பாடியது’ என்ற கதையோடு பதிய வேண்டும். ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழக மாணவர்கள் தத்தம் வீட்டிலேயே இதைத் தொடங்கலாம். காதல் கவியை மட்டும் காத்து, வழக்குரைத்த கவியைக் கைவிட்டால், அந்தப் பெண்களை நாமும் ஒருமுறை ஏமாற்றியவர்களாவோம்.