ஊசி முனையில் எழுத்து

டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் எழுதுவதில்லை, அடிக்கிறது. அதன் தலைக்குள் 9 மெல்லிய ஊசிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும். நேர்த்தியான வகைகளில் 24. ஒவ்வொன்றையும் ஒரு மின்காந்தம் இயக்குகிறது. ஊசி பாய்ந்து மை நாடாவைத் தாளின்மேல் அறைந்துவிட்டு உடனே பின்வாங்கும். தலை நகர நகர, புள்ளிகள் எழுத்தாகும். 1980-இல் வந்த எப்சன் எம்எக்ஸ்-80 வினாடிக்கு 80 எழுத்துகளை இப்படி அடித்தது. அடிக்கும்போது எழும் கரகரப்பு இந்த ஊசிகளின் ஓட்டமே!

டெய்சி வீல் பிரிண்டரின் எழுத்து இதைவிட அழகு. ஆனால் அதன் சக்கரத்தில் வார்த்த எழுத்துகளைத் தவிர வேறெதையும் அது அறியாது. புள்ளிக்கு அந்தத் தளை இல்லை. ‘ழ’வின் வளைவும் ‘ணை’யின் சுழிப்பும், நிரல் சொன்னால் போதும், அதே ஊசிகளிலிருந்து வந்துவிடும். எனக்கு டாட் மேட்ரிக்ஸின்மேல் பிரியம் வந்ததே இதனால்தான்.

ஊசி அடிக்கும் வேகம் கார்பன் தாளைத் தாண்டிக் கீழுள்ள நகல்களிலும் பதியும். லேசர் பிரிண்டரால் இது ஆகாது. தைத்த பாஸ்புக்கின் தடித்த தாளிலும் ஊசி தயங்குவதில்லை. வங்கிகள் இன்னும் இந்தப் பிரிண்டரைக் கைவிடாதது சரியே.