விருந்தினரின் பரிவும் ஆசிரியரின் பொறுப்பும்: லவ்காடியோ ஹேர்னின் நாட்குறிப்பு பற்றிய ஒரு நோக்கு

பிறநாடு சென்று கற்பித்த ஆசிரியர்களின் எழுத்துக்கள் பெரும்பாலும் இரு வகையின. சென்ற நாட்டின் குறைகளை அடுக்குவது ஒன்று. அந்நாட்டை வியந்து போற்றுவது மற்றொன்று. முன்னதன் குறைபாடு எளிதிற் புலப்படும். பின்னதன் குறைபாடு அன்பின் போர்வையுள் மறைந்து கிடப்பதால் அவ்வளவு எளிதிற் புலப்படுவதில்லை. அதனை ஆராய்வதற்கு ஏற்ற நூல், 1894ஆம் ஆண்டில் வெளிவந்த லவ்காடியோ ஹேர்னின் ‘அறியப்படாத யப்பானின் காட்சிகள்’ ஆகும். அந்நூலில் ‘ஓர் ஆங்கில ஆசிரியரின் நாட்குறிப்பிலிருந்து’ என அமைந்துள்ள பகுதியே இங்கு சிறப்பாக நோக்கப்படுகின்றது.

ஹேர்ன் 1850இல் கிரேக்கத் தீவொன்றில், ஐரிஷ் தந்தைக்கும் கிரேக்கத் தாய்க்கும் பிறந்தவர், டப்ளினில் வளர்ந்தவர், இளமையிலேயே ஒரு கண்ணின் பார்வையை இழந்தவர், அமெரிக்காவிற் பத்திரிகையாளராக உழைத்தவர். 1890 ஓகஸ்ட் இறுதியில், யப்பானின் மேற்குக் கரையோரத்து மற்சுயே நகருக்கு ஆங்கில ஆசிரியராக வந்து சேர்ந்தார். மெய்ஜி அரசு, மேனாட்டு அறிவைத் துரிதமாகப் பெறும்பொருட்டு, அந்நியரை உயர்ந்த வேதனத்தில் அமர்த்திய காலம் அது. ஹேர்னுக்கு மாதம் 100 யென் வழங்கப்பட்டது. அச்சிறு நகரில் அது பெருந்தொகையாகும்.

நாட்குறிப்பின் வலிமை அதன் அன்றாடத்தன்மையிலேயே தங்கியுள்ளது. இடைநிலைப் பாடசாலையின் மரக்கட்டிடம், ஆசிரிய கலாசாலையின் இராணுவ ஒழுங்கு, மொழி அறியாத ஆசிரியருக்குத் துணைநின்ற நிஷிதா சென்தாரோ என்னும் சக ஆசிரியரின் நட்பு ஆகியன மிகையின்றிச் சொல்லப்படுகின்றன. மாலை வேளைகளில் மாணவர்கள் அவரது இல்லத்துக்கு வருகின்றனர்; தம் வீட்டுப் பழம்பொருள்களைக் கொணர்ந்து காட்டுகின்றனர்; அதிகம் பேசாது அமர்ந்திருந்து விடைபெறுகின்றனர். நோயுற்று இறக்கும் தறுவாயிலிருந்த மாணவனொருவன் தன் பாடசாலையை மீண்டும் ஒருமுறை காண விரும்ப, முதிய வேலையாள் அவனை இரவில் முதுகிற் சுமந்து சென்று காட்டிய செய்தி, நாட்குறிப்பின் நெஞ்சைத் தொடும் பகுதியாகும். இங்கு ஹேர்ன் விளக்கம் கூற முற்படவில்லை. கண்டதையும் கேட்டதையும் கூறி அமைகின்றார்.

அவர் விளக்கம் கூறத் தொடங்கும்போதே சிக்கல் எழுகின்றது. மாணவர்களின் ஆங்கிலக் கட்டுரைகளை அவர் ஆர்வத்துடன் எடுத்துக்காட்டுகின்றார். நிலவைப் பற்றிப் பலர் எழுதினும் கருத்துக்களும் உவமைகளும் ஏறத்தாழ ஒன்றாகவே இருப்பதைக் கண்டு, இவை தனிமனித உள்ளத்தையன்றி இனத்தின் பொது உணர்வையே காட்டுகின்றன என முடிவு செய்கின்றார். கற்பனை அவர்களுக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே சமைத்து வைக்கப்பட்டுவிட்டது என்பது அவர் கருத்து. ஆயின், அன்னிய மொழியொன்றிற் சில ஆண்டுகளே பயின்ற சிறுவன், கைவசமுள்ள சொற்களையும் கற்ற தொடர்களையும் கொண்டே எழுதுவான். அவ்வொருமை இனத்தின் இயல்பா, சொற்பஞ்சத்தின் விளைவா என்னும் வினா எழுப்பப்பட்டிருத்தல் வேண்டும். அம்மாணவர்கள் தம் தாய்மொழியில் என்ன எழுதினர் என்பதை வாசித்தறியும் வாய்ப்பு ஹேர்னுக்கு இருக்கவில்லை. ஆகவே, சான்றின் எல்லையை முடிபு தாண்டிவிட்டது எனலாம்.

இதனிலும் பாரதூரமான இடம் ஒன்றுண்டு. சக்கரவர்த்தியின் உருவப்படத்தின் முன் ஹேர்ன் தலைவணங்கியதைக் கண்ட மாணவன் ஒருவன், முன்னிருந்த ஆங்கில ஆசிரியர் தம்மைக் காட்டுமிராண்டிகள் எனப் பழித்ததைக் கூறுகின்றான். பழித்தவரே காட்டுமிராண்டி என்பது ஹேர்னின் பதில். ஓர் இனத்தை இழிவுபடுத்திய ஆணவத்துக்கு அது தக்க மறுப்பே. ஆனால் அவர் அத்துடன் நிற்கவில்லை. சக்கரவர்த்தியைப் போற்றுவதும், அவர் வேண்டும்போது நாட்டுக்காகக் குருதி சிந்த ஆயத்தமாயிருப்பதும் மாணவனின் உயர்ந்த சமூகக் கடமை என்றும் போதிக்கின்றார்.

இப்போதனையை அதன் காலப் பின்னணியில் வைத்து நோக்குதல் அவசியம். கல்வி பற்றிய பேரரசக் கட்டளை 1890 ஒக்டோபர் 30ஆந் திகதி வெளியிடப்பட்டது. 1891 ஜனவரியில், ரோக்கியோவின் முதலாம் உயர் இடைநிலைப் பாடசாலை ஆசிரியரான உச்சிமுரா கன்சோ, அக்கட்டளையின் முன் ஆழத் தலைவணங்காமையாற் கடுங் கண்டனத்துக்குள்ளாகிப் பதவி இழந்தார். விருந்தினருக்கு நல்லெண்ணச் செய்கையாக இருந்த அதே வணக்கம், அந்நாட்டு ஆசிரியருக்கு மனச்சாட்சிக்கும் பிழைப்புக்கும் இடைப்பட்ட போராட்டமாயிற்று. ஹேர்ன் போற்றியது பழைய பண்பாட்டை மட்டுமன்று. பள்ளிக்கூடத்தின் வழியாகப் புதிதாகக் கட்டப்பட்டுவந்த அரச அதிகாரத்தையும் ஆகும்.

1895இல் வெளிவந்த ‘கிழக்கிலிருந்து’ என்னும் நூலில் இதன் தொடர்ச்சியைக் காணலாம். சீனாவுடனான போருக்குப் புறப்படும் இளைஞனொருவன், மற்சுயேயில் ஹேர்னிடம் கற்றவன், விடைபெற வருகின்றான். வகுப்பில் நாணிச் சிவந்த முகம் மாறாத அவ்விளைஞன் போரில் இறந்துவிடுகின்றான். அக்கட்டுரைக்கு ஹேர்ன் இட்ட தலைப்பு ‘நிறைவேறிய விருப்பம்’ என்பதாகும். ஓர் ஆசிரியரின் சொல் அவனைப் போருக்கு அனுப்பிற்று என்று கொள்வது தவறு. அவனை அனுப்பியது அரசு. எனினும், அவ்விருப்பம் எங்கிருந்து வந்தது, அதனை ஊட்டியோர் யாவர் என ஹேர்ன் வினவுவதில்லை. மரணத்தின் அழகிலே அவரது துயர் கரைந்துவிடுகின்றது.

ஹேர்னின் வாழ்க்கை முழுவதும் இப்பார்வைக்குள் அடங்கிவிட்டதென்று கருதுதலும் பொருந்தாது. வறுமையுற்ற சாமுராய் குடும்பத்தைச் சேர்ந்த கொய்சுமி செத்சு அவருடைய மனைவியானார். இருவரும் தமக்கெனச் சமைத்துக்கொண்ட கலவை மொழியிலே உரையாடினர். செத்சு பின்னர் வெளியிட்ட நினைவுக் குறிப்புகள் வேறொரு ஹேர்னைக் காட்டுகின்றன. விடுதிக்காரரின் வீட்டுச் சிறுமியின் கண்ணோய் கவனிக்கப்படாதிருந்தமை கண்டு அவர் வெகுண்டார், வைத்தியத்துக்கு வழிசெய்தார், விடுதியையும் விட்டு நீங்கினார். கண்ணின் துன்பம் அறிந்த மனிதர், அச்சிறு அநீதியை யப்பானியப் பண்பென்று கூறி அமைதி காணவில்லை. வீட்டிற் பொறுக்க முடியாததை வெகுண்டு எதிர்த்தவர், வகுப்பறையில் எதிர்க்கவேண்டியதைப் போற்றிவிட்டார்.

1896இல் யப்பானியக் குடியுரிமை பெற்றுக் கொய்சுமி யாக்குமோ ஆன ஹேர்ன், அதே ஆண்டில் ரோக்கியோ பேரரசப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளரானார். 1903இல் அப்பதவியை இழந்தார். இங்கிலாந்தில் அரச உதவியுடன் பயின்று மீண்ட நற்சுமே சோசெகி அவ்விடத்துக்கு வந்தோருள் ஒருவர். மறு ஆண்டு ஹேர்ன் காலமானார்.

பழிக்கும் ஆசிரியர் மாணவனை நோக்கி, உன் சமூகம் இழிந்தது என்கின்றார். போற்றும் ஆசிரியர், உன் சமூகம் நிறைவானது என்கின்றார். தன் சமூகத்தை நேசித்துக்கொண்டே அதனோடு முரண்படவும் மாணவனுக்கு உரிமையுண்டு என்பதை இருவருமே மறந்துவிடுகின்றனர். ஹேர்னின் நாட்குறிப்பு இன்றும் படிக்கத்தக்கது. அதன் அன்பிற் கற்கவேண்டியவை பல. அவ்வன்பு எவ்விடத்தில் வினாவைக் கைவிட்டது என்பதையும் சேர்த்துக் கற்பதே அதனை முழுமையாகப் படிப்பதாகும்.