வரியை வாசித்தல்

தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு வரி என்றால் முதலில் கவிதை வரிதான். சுங்க வரியையும் ஒரு பிரதியாக வாசித்தால் என்ன? 2021 பிப்ரவரி பட்ஜெட்டில் இறக்குமதிப் பஞ்சின்மீது வரி விழுந்தது. எல்லாம் சேர்ந்து 11 சதவீதம். பருத்தி விவசாயியின் நலனுக்காக என்று பிரதி தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டது.

'பாதுகாப்பு' என்கிற சொல்லைக் கொஞ்சம் உதறிப் பார்க்கவேண்டும். 1841இல் ஃபிரெடரிக் லிஸ்ட் எழுதியது தொடங்கி நம் இடதுசாரி நண்பர்கள்வரை இந்தச் சொல்லாடலில் தேசம் தகப்பன், தொழில் கைக்குழந்தை. வேலி கட்டினால் குழந்தை வளரும். சுதந்திர வணிகம் பேசுகிறவர்கள் வேலியைப் பிடுங்கு என்கிறார்கள். உள்ளே இருப்பது ஒரே குழந்தை என்பதில் மட்டும் இரு தரப்புக்கும் சண்டையே இல்லை.

திருப்பூருக்கு வாருங்கள். விவசாயிக்குப் பஞ்சு சரக்கு, நூல்மில்லுக்கு அது கச்சாப்பொருள். மில்லின் சரக்கான நூல் பனியன் கம்பெனிக்குக் கச்சாப்பொருள். 2022 மே மாதம் ஒரு கண்டி, அதாவது 356 கிலோ பஞ்சு, ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. வரி மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன்; உலகச் சந்தையிலும் விலை ஏறியிருந்தது. ஏப்ரல் 14 முதல் டில்லி வரியை நிறுத்திவைத்தும் உடனே இறங்கவில்லை. அரசிதழ் அச்சாகிற வேகத்தில் கப்பல் வந்து சேருமா? கம்பெனிகளோ மாதக்கணக்கில் முன்பே விலை பேசி ஆர்டர் எடுத்தவை. பையர் ஏற்றித் தரமாட்டான். மே 16, 17இல் திருப்பூர் கதவடைத்தது.

அப்போது ஒரு தையல் காண்ட்ராக்டர் சொன்னார்: "பஞ்சு ஏறுனா மில்லுக்காரரு நூல் வெலைய ஏத்திக்குவாருங்க. கம்பெனிக்காரரு எங்க ரேட்டக் கொறைப்பாருங்க. நாங்க ஆருத்தக் கொறைக்கறதுங்க?" அவருக்குக் கீழே பீஸ் ரேட்டில் தைக்கிற பெண்கள் இருந்தார்கள். அதை அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

'தொழில் உற்பத்தி' என்கிற ஒற்றை எண்ணில் இவர்கள் எல்லோரும் கரைந்துபோகிறார்கள். நூல் கப்பலேறினால் அதுவும் உற்பத்திதான். அதே நூல் கட்டுபடியாகாமல் தையல் மெஷின் நிற்பது அந்த எண்ணுக்குள் எங்கோ கழிந்துவிடும்.

2024 பிப்ரவரியில் 32 மில்லிமீட்டருக்கு மேல் நீளமுள்ள இழைப் பஞ்சுக்கு மட்டும் வரி நீங்கியது. இங்கே அதிகம் விளையாத ரகம், நியாயம்தான். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் சரக்குக்கு 50 சதவீதம் என்றதும் அதே மாதம் எல்லாப் பஞ்சுக்கும் வரி நிறுத்திவைக்கப்பட்டது. விவசாயியின் பெயரால் எழுதிய வரியை அடித்தபோது விவசாயச் சங்கங்கள் எதிர்த்தன. கண்டன அறிக்கையொன்றில் கையெழுத்துக் கேட்டு நண்பர் வந்தார். போட்டுக்கொடுத்தேன். திருப்பூர் காண்ட்ராக்டரிடம் இன்னும் அதைச் சொல்லவில்லை.