மல்லாரிக்கு மூச்சு தரும் விலா

மயிலாப்பூர் கபாலீஸ்வரர் கோயில் பங்குனித் திருவிழாவில் சுவாமி புறப்படும்போது கம்பீர நாட்டையில் மல்லாரி எழும். ரசிகர்கள் சீவாளியைப் புகழ்வார்கள், விரலடியைப் புகழ்வார்கள், தவிலுக்குத் தலையாட்டுவார்கள். நாகஸ்வர வித்வானின் சட்டையில்லாத மார்பை யாரும் கவனிப்பதில்லை. அறுபத்துமூவர் அன்று அதற்கு வழியும் இல்லை. கூட்டத்தில் பார்ப்பவரின் விலாவே விரிய இடமிருக்காது. மூன்றாம் நாள் காலை, அதிகார நந்தி புறப்பாடு தேவலை.

வித்வான் மூச்சிழுக்கும் அரை நொடியில் மார்பெலும்பு முன்னும் மேலுமாக எழும். கூடவே அக்குளுக்குக் கீழே விலாப்புறம் பக்கவாட்டில் அகலும். மேல் விலாக்களின் அசைவுக்கு உடற்கூறியலில் பம்பின் கைப்பிடி என்று பெயர் (அடிபம்பு அடித்த சென்னைக்காரருக்கு விளக்கம் வேண்டாம்). கீழ் விலாக்களுடையது வாளியின் கைப்பிடி.

சூட்சுமம் முதுகில் இருக்கிறது. மொத்தம் 12 ஜோடி விலாக்கள். பெரும்பாலானவை முதுகெலும்போடு இரண்டிரண்டு இடங்களில் மூட்டாகச் சேர்கின்றன. விலாவின் தலை, அடுத்தடுத்த இரு முள்ளெலும்புகளையும் நடுவிலுள்ள வட்டையும் தொட்டபடி உட்கார்ந்திருக்கும். சற்றுத் தள்ளி ஒரு சின்னப் புடைப்பு, முள்ளெலும்பின் பக்க நீட்சியில் பொருந்தும். மேல் விலாக்களுக்கு அந்த இரண்டாம் மூட்டின் முகம் குழிவு. அதனால் விலா தன் அச்சில் உருண்டு முன்நுனி எழும்புகிறது. ஏழுக்குக் கீழே முகம் தட்டை. விலா வழுக்கி நகர, பக்கம் விரிகிறது. இவ்வளவு சிறிய பரப்பின் வளைவில் இவ்வளவு பெரிய வித்தியாசம்!

முன்பக்கம் முதல் ஏழு ஜோடி தத்தம் குருத்தெலும்பால் மார்பெலும்போடு சேரும். அடுத்த மூன்று, மேலுள்ளதன் குருத்தெலும்பைப் பற்றிக்கொள்ளும். கடைசி இரண்டுக்குப் பிடிப்பே இல்லை.

நிறைய மூச்சு வாங்கியபின் நுரையீரலும் விலாக்களும் தாமாகவே சுருங்கப் பார்க்கும். மியூசிக் அகாடமி மேடையில் கீழ்க்குரலில் பாடுபவர் விலாத் தசைகளால் அந்தச் சுருக்கத்தைப் பிடித்து நிறுத்தி, மெல்ல மெல்ல விட வேண்டும். நாகஸ்வரக்காரருக்கு நேர்மாறான பாடு: சீவாளி கேட்கும் அழுத்தத்துக்கு வயிற்றையும் சேர்த்துத் தள்ள வேண்டும். நீளமான பாரி நாகஸ்வரத்தைப் பரவலாக்கிய திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) வாசித்த தோடியின் இசைத்தட்டில் அந்தச் சிரமத்தின் சுவடே தெரியாது. அவர் எங்கே மூச்சு வாங்கினார் என்று தேடுவதே தனி ரசனை.

பக்கத்தில் சுருதிக்காக ஒத்து ஊதியவரின் திறமை இன்னும் விசித்திரம். கன்னத்தில் அடக்கிய காற்றைக் குழலுக்குள் பிதுக்கிக்கொண்டே மூக்கால் விலாவை நிரப்பிக்கொள்வார், சுருதி அறாது. அவருடைய வேலையை இப்போது சுருதிப் பெட்டி பார்த்துக்கொள்கிறது.